பிடுங்குவதற்கு முன் ஒரு யோசனை

“எடுத்து உட்டுருங்க டாக்டர், நைட் ஷிஃப்ட் போகணும்.”

குருபரப்பள்ளியைச் சுற்றியுள்ள ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் பல் வலியோடு வந்தால் முதலில் சொல்வது இதைத்தான். நான்கைந்து நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓட்டியிருப்பார்கள். இனி லைனில் நிற்க முடியாது என்றானதும், ஒரே நாளில் தொல்லை தீர வேண்டும் என்று வருவார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ மூன்று முறை பஸ் ஏறி இறங்க நேரம் கிடைக்காது. பிடுங்கினால் வலி போய்விடும் என்பதும் உண்மைதான்.

ஆனால் அப்படிப் பிடுங்கச் சொல்லும் பல், பெரும்பாலும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லாக இருக்கிறது. ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைத்துவிடும் நிரந்தரப் பல் அது. இதுவும் விழுந்து முளைக்கிற பல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அதனால் முதலில் சொத்தையாவதும் முதலில் போவதும் அதுவே. மெல்லும் வேலையின் பெரும் பாரத்தைச் சுமப்பதும் அதுதான்.

அதை எடுத்த இடம் அப்படியே இருக்காது. முதல் ஒரு வருடத்திலேயே அங்கே எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். பின்னால் நிற்கும் பல் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிர்த் தாடையில் இருக்கும் பல், தடுக்க ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சாய்ந்த பல்லின் அடியில் சோறு சிக்கிச் சிக்கி அடுத்த சொத்தை தொடங்கும். ஐந்தாறு வருடம் கழித்து ‘அங்க ஒரு பல் கட்டணும்’ என்று வரும்போது, கட்ட இடமும் குறைந்திருக்கும், எலும்பும் கரைந்திருக்கும்.

வேர் நன்றாக இருந்தால் பல்லைக் காப்பாற்றுங்கள். அதற்கு ஆகும் அலைச்சலும் பணமும், பின்னால் ஆகப்போகிற அலைச்சலையும் பணத்தையும் விடக் குறைவு. காப்பாற்றவே முடியாது என்றானால், மாற்றாக எதை வைப்பது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வைத்ததைத் தினமும் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியுமா, கோளாறு வந்தால் வைத்தவரிடமே திரும்பிப் போக முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொத்தையிலிருந்து கேப் வரை

சொத்தை எனாமலிலும் அதற்கடுத்த அடுக்கிலும் மட்டும் இருந்தால் அடைத்துவிடலாம். முன்பெல்லாம் வெள்ளி நிறத்தில் அடைத்தார்கள். அதில் பாதரசம் உண்டு. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-ல் உருவான மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு அந்த அடைப்பு உலகெங்கும் குறைந்துகொண்டே வருகிறது. பழைய வெள்ளி அடைப்பு நன்றாக இருந்தால் அதைத் தோண்டி எடுக்க அவசரப்பட வேண்டாம். இப்போது பெரும்பாலும் பல் நிறத்திலேயே காம்போசிட் வைக்கிறார்கள். வைக்கும் நேரத்தில் பல்லில் எச்சில் ஈரம் படக்கூடாது என்பதுதான் அதற்கு முக்கியம். பஞ்சு வைத்தோ ரப்பர் ஷீட் கட்டியோ பொறுமையாகச் செய்கிற மருத்துவரைப் பார்த்தால், நேரமாகிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொறுமைதான் அடைப்பின் ஆயுள். வேருக்குப் பக்கத்தில் ஈறோரமாக வரும் சொத்தைக்கும் குழந்தைகளின் பால்பல்லுக்கும் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட் பொருந்தும். அது கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும்.

சூடாக எதையாவது குடித்தால் வலி பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லை, ராத்திரி படுத்தால் துடிக்கிறது என்றால் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதற்குத்தான் ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சை. கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேருக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் கழுவி, அடைத்து மூடுவார்கள். ‘ரூட் கெனால் ரொம்ப வலிக்குமாமே’ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்கிறோம். ஏற்கனவே அனுபவித்துக்கொண்டிருக்கும் வலியைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. முதல் நாள் பல்லைத் திறந்து மருந்து வைத்ததும் வலி நின்றுவிடுகிறது. வலி நின்றதும் ஆள் வருவதில்லை. தற்காலிகமாக வைத்த சிமென்ட் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போகிறது, அரைகுறையாக விட்ட பல் உடைகிறது, கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது. ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “எனக்கு அடிக்கடி வர முடியாது, ஒரே தடவையில் முடியுமா?” பல பற்களுக்கு ஒரே அமர்வில் வேர் சிகிச்சையை முடித்துவிட முடியும். முடியாத பல்லுக்கு எத்தனை முறை வர வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு, வார விடுமுறையைப் பார்த்துத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லுக்கு மேலே கேப் என்ற உறை போடாமல் விட்டால் ஒரு நாள் நடுவில் பிளந்துவிடும். வேர் நெடுக்குவாட்டில் பிளந்தால் அதற்கு மருந்து கிடையாது. கேப்பில் உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், முழுக்க ஜிர்கோனியா என்று வகைகள் உண்டு. முன்பல்லுக்கு அழகு முக்கியம், அங்கே ஜிர்கோனியாவோ பீங்கானோ சரி. வாயின் கடைசியில், சிரித்தால்கூடத் தெரியாத இடத்தில், வெறும் உலோகக் கேப்பைப் பற்றி நான் நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறேன். அதற்காகப் பல்லை மிகக் குறைவாகச் செதுக்கினால் போதும், பீங்கான் போல் விள்ளாது, விலையும் குறைவு. ‘மலிவானதைத் தலையில் கட்டுகிறாரோ’ என்று நினைத்துப் பலர் அதை வேண்டாம் என்கிறார்கள். அப்படி நினைக்காதீர்கள்.

இதில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால், அது பல் வலி என்ற நிலையைத் தாண்டிவிட்டது. கழுத்து வழியே வீக்கம் இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலைவரை காத்திருக்காமல், 2022-ல் திறக்கப்பட்ட போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்த ராத்திரியிலேயே போங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையால் சொத்தை ஆறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

காவிப் பல்லும் தண்ணீரும்

இந்த வட்டாரத்தில் அதிகமாகக் காணும் ஒரு பிரச்சினை இருக்கிறது. வெளியூர் மருத்துவக் குறிப்புகளில் இதைப் பற்றி அதிகம் இருக்காது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வளர்ந்த பலருக்கு முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு இருக்கும், அல்லது மஞ்சள், பழுப்பு நிறக் கோடுகள் இருக்கும். கடுமையானால் எனாமலில் சிறு குழிகளே விழுந்திருக்கும். ‘பல் தேய்க்க மாட்டானா?’, ‘புகையிலை போடுவானா?’ என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கும்போது கை தானாக வாய்க்கு மேலே போய்விடும்.

அவர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. பாறைக்குள்ளிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். நிரந்தரப் பல்லின் எனாமல் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமாராக எட்டு வயதுக்குள், அந்த நீரைக் குடித்ததன் அடையாளம்தான் அந்தக் கறை. இந்தியாவில் ஃபுளோரோசிஸ் என்ற இந்த நோயை முதலில் பதிவு செய்ததும் நம் பக்கத்தில்தான்: 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை அனுமதி. இந்த இரண்டு மாவட்டங்களுக்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீர் கொடுப்பதோடு ஃபுளோரோசிஸைக் குறைப்பதும் அத்திட்டத்தின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது.

கறையைப் போக்க வீட்டில் செங்கல் தூள், சாம்பல், உப்பு, கரித்தூள் என்று தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். கறை எனாமலுக்கு உள்ளே இருக்கிறது. மேலே தேய்க்கத் தேய்க்க நல்ல எனாமல்தான் போகும், பிறகு தண்ணீர் பட்டாலே கூசும். கிருஷ்ணகிரியில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை; புளிப்பு மாங்காயைக் கடித்த கையோடு பிரஷ் போடுகிற பழக்கமும் எனாமலைத் தேய்க்கும். வாய் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் பொறுத்துத் தேயுங்கள்.

சிகிச்சை இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசையைத் தாண்ட விடாதீர்கள். லேசான கறைக்கு மைக்ரோ அப்ரேஷன்: அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையால் எனாமலின் மேற்பரப்பை மயிரிழை அளவுக்கு மட்டும் எடுப்பது. அதோடு பிளீச்சிங்கும் சேர்த்தால் பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். பதினெட்டு வயது ஆன பிறகு பிளீச்சிங் செய்துகொள்வது நல்லது. வெள்ளைத் திட்டுக்கு, தண்ணீர் போன்ற ரெசினை எனாமலுக்குள் ஊறவைக்கும் முறை இருக்கிறது. குழி விழுந்த பல்லுக்குக் காம்போசிட் பூசலாம். அதற்கும் அடங்காவிட்டால் பீங்கானில் செய்த மெல்லிய வினீர் முன்பக்கம் ஒட்டலாம். கேப் கடைசியில்தான் வர வேண்டும். முன்பல்லுக்குக் கேப் போட, வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் செதுக்கி எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, சொத்தையே இல்லாத ஆறு முன்பற்களைச் செதுக்கிக் கேப் மாட்டுவது பல்லுக்குச் செய்யும் கேடு. கேப்புக்கும் ஆயுள் உண்டு. அறுபது வயதுக்குள் அவள் அதை எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் கல்யாணம் என்று அவசரப்படுத்தினால்கூட நான் சம்மதிக்க மாட்டேன். அந்த ஒரு மாதத்துக்குள் மைக்ரோ அப்ரேஷன், பிளீச்சிங், காம்போசிட் மூன்றையும் செய்துவிட முடியும்.

உங்கள் மருத்துவருக்கு இது புதிதாக இருக்காது, இருந்தாலும் நினைவூட்டுங்கள்: ஃபுளோரைடு ஏறிய எனாமலில் அமிலம் சீக்கிரம் வேலை செய்யாது. காம்போசிட்டோ வினீரோ பிடித்துக்கொள்ள, மற்றவர்களுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அமிலத்தை வைக்க வேண்டியிருக்கும். ‘பூசின ரெண்டே மாசத்துல கழண்டு விழுந்துருச்சு’ என்பதற்கு இது ஒரு காரணம்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. எடுத்துவிடும், ஒகேனக்கல் குழாய் நீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளலாம். பற்பசையை மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் பெரியவர்களே போட்டுக் கொடுங்கள். துப்பக் கற்றுக்கொடுங்கள்.

பல் போன பிறகு

காப்பாற்ற முடியாமல் எடுத்துவிட்டீர்கள், அல்லது எப்போதோ எடுத்தது. இப்போது என்ன செய்வது?

ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். இதைப் பல் மருத்துவர் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் கடைசி ஒன்றிரண்டு கடைவாய்ப்பற்கள் போய், முன்னால் உள்ள பற்கள் மேலும் கீழும் சரியாகச் சந்தித்தால் பலருக்கு அதுவே போதும். சுமார் 20 சொந்தப் பற்கள் இருந்தால் நன்றாகச் சாப்பிட முடியும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. எண்பது வயதில் 20 பற்கள் என்ற இலக்கோடு ஜப்பான் 1989-லிருந்து ஓர் இயக்கமே நடத்துகிறது. கடைசிப் பல்லுக்காகக் கடன் வாங்கி இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு இறக்கிக் கட்டும் பல்) வைக்கச் சொன்னால், இரண்டாவது கருத்து கேளுங்கள்.

நடுவில் ஒரு பல் போயிருந்தால் மூன்று வழிகள். கழட்டி மாட்டுகிற பல் மிக மலிவானது. எலும்பு ஆறும் வரையிலோ கையில் பணம் சேரும் வரையிலோ அதை மாட்டிக்கொள்வதில் தவறில்லை. இரவில் கழற்றி வையுங்கள். பக்கத்துப் பற்களைச் செதுக்கி மூன்றையும் சேர்த்துக் கட்டுகிற பிரிட்ஜ் இரண்டாவது. பக்கத்துப் பற்களில் ஏற்கனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ் நல்ல முடிவு. இரண்டு பக்கமும் குறையே இல்லாத பற்கள் என்றால், ஒன்றுக்காக இரண்டைக் கெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பிரிட்ஜ் போட்டவர்கள் அதன் அடியில் நுழையும் சிறு பிரஷ் வாங்கித் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பல பிரிட்ஜ்கள் பாழாவதற்குக் காரணம், தாங்கி நிற்கும் பல்லில் அடியில் வரும் சொத்தைதான்.

மூன்றாவது இம்ப்ளான்ட். டைட்டானியம் உலோகம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனெமார்க் முயல்களை வைத்து ஆய்வு செய்தபோது கண்டார். 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை அந்தப் பற்களோடுதான் இருந்தார். பொருளில் குறையில்லை, சரியான ஆளுக்குச் சரியாக வைத்தால் பல வருடம் நிற்கும். எலும்பு போதுமா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் வைக்கச் சம்மதிக்காதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் பீடி, சிகரெட் விடாதவர்களுக்கும் எலும்பு சரியாக ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். முதலில் மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கும் பெண்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் பல் பிடுங்குவதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது. பாக்கு, பான் மசாலாவால் வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கு எந்தப் பல் வேலையும் கடினம். அவர்கள் முதலில் அதை நிறுத்திவிட்டு வாயைக் காட்ட வேண்டும், ஏனென்றால் அந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை பெரும்பாலும் எலும்பில் இறக்கும் திருகுக்கு மட்டும்தான். மேலே வைக்கும் கேப், ஸ்கேன், எலும்புத் தூள் எல்லாம் தனி. “எல்லாம் சேர்த்து, பல் மெல்லத் தயாராகும்வரை எவ்வளவு?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் அதைவிடக் கூடுதலாகவும் காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் கதை வேறு. பல் எல்லாம் போனாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை, காரணம் களி. கேழ்வரகுக் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிவிடலாம். பல் இல்லாதது வீட்டில் யாருக்கும் தெரிவதே இல்லை. தட்டில் கறியை ஒதுக்குகிறார், கடலை வேண்டாம் என்கிறார், அவரைக்காய் பிடிக்கவில்லை என்கிறார், ஆள் மெலிகிறார். ‘வயசாயிருச்சு, பசி இல்ல’ என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைக் கவனியுங்கள். பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை.

மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்தான் தொல்லை. நாக்கு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதன் மேல் பட்டன் போல் செட்டை அழுத்தி மாட்டும் முறையைத்தான் 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பல் இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். வாய் முழுக்க இம்ப்ளான்ட் வைக்க ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். அதற்கும் வசதியில்லை என்றால் சாதாரண செட்டே போதும், ஆனால் முதல் மாதம் பொறுமை வேண்டும். சிறு துண்டாக வெட்டி இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லச் சொல்லுங்கள். உறுத்தினால் வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள், உடைந்தால் கடையில் வாங்கிய பசையால் ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டிக் கொண்டுவரும் செட்டை யாராலும் பழையபடி சேர்க்க முடிவதில்லை. துண்டுகளை அப்படியே எடுத்து வாருங்கள். ராத்திரி கழற்றி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிக்கும் நீர் பட்டால் வளைந்துவிடும்.

ரோட்டில் விழுந்த பல்

நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்பதால் இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பைக்கில் விழுந்து முன்பல் வேரோடு வெளியே வந்துவிட்டால் அந்தப் பல்லைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல், வெள்ளையாக இருக்கும் தலைப்பகுதியைப் பிடியுங்கள். மண் இருந்தால் பாலிலோ, பால் கிடைக்காவிட்டால் தண்ணீரிலோ சில விநாடி அலசுங்கள். தேய்க்கக்கூடாது, துணியில் சுற்றிக் காயவிடக்கூடாது. ஆள் நினைவோடு இருந்தால் அந்தக் குழியிலேயே பல்லைப் பொருத்தி, மடித்த துணியைக் கடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் டீக்கடையில் சூடில்லாத பால் வாங்கி அதில் போட்டுக்கொண்டு ஓடி வாருங்கள். அரைமணி நேரத்துக்குள் வந்தால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். குழந்தையின் பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக்கூடாது. மயக்கம், தலைக்காயம், நிற்காத ரத்தம் இருந்தால் பல்லை மறந்துவிட்டு முதலில் மருத்துவமனை.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் இ.எஸ்.ஐ.யில் பொதுவாக வேலைக் காயமாகவே கருதப்படும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருவார்கள். பல்தானே என்று விடாமல், விபத்து நடந்த அன்றே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்து, விபத்து அறிக்கை அனுப்பியதை உறுதி செய்துகொள்ளுங்கள். காண்ட்ராக்டில் வேலை செய்தாலும் உங்களுக்கு இந்த உரிமை உண்டு.

எங்கே போவது, யாரிடம் போகக்கூடாது

சந்தையிலும் சிறு அறைகளிலும் உட்கார்ந்து ‘ரெண்டு மணி நேரத்துல ஃபிக்ஸட் பல்’ கட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே இல்லை, ஊசி இல்லை. தூளும் திரவமும் கலந்த அக்ரிலிக்கைக் குழைத்து, கம்பி சுற்றி, பக்கத்துப் பற்களோடு சேர்த்து வாயிலேயே ஊற்றி இறுக விட்டுவிடுவார்கள். அன்று கச்சிதமாக இருக்கும், கழற்றவே முடியாது. ஈறுக்குள் அழுந்திய அந்தப் பொருளின் அடியில் சோறு அழுகும். சில மாதத்தில் துர்நாற்றம், ரத்தம், ஆட்டம். நாங்கள் அதை வெட்டி எடுக்கும்போது, கம்பி கட்டியிருந்த நல்ல பற்களும் கையோடு வருகின்றன. ஒன்று போன இடத்தில் மூன்று போயிருக்கும். பதிவு இல்லாதவர் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம். பெயர்ப் பலகையில் பட்டமும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். எல்லை தாண்டிப் போகிறவர்கள் கர்நாடக கவுன்சிலின் எண்ணைக் கேட்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பணம் இல்லாததால்தான் அந்த அறைகளுக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மாற்று வழிகள் உண்டு. பிடுங்குவது, அடைப்பது போன்ற வேலைகளுக்கு அரசு மருத்துவமனையின் பல் பிரிவே போதும். பெங்களூருவில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலும், சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் கேப், பல்செட் வரை செய்கிறார்கள். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியில் இருப்பதுபோன்ற தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், சேலம் பக்கத்துக் கல்லூரிகளிலும், வெளியே உள்ள கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. மாணவர்கள் பேராசிரியரின் கண்காணிப்பில் செய்வார்கள், அதனால் அதிக முறை போக வேண்டியிருக்கும். ஓய்வு பெற்ற அப்பா, அம்மாவுக்குப் பல்செட் கட்ட இது நல்ல இடம். இரவு ஷிஃப்ட் தொழிலாளிக்குப் பொருந்தாது.

கடைசியாக, பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் தம்பிகளுக்கும், காண்ட்ராக்ட் முடிந்ததும் வேறு ஊருக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கும்: சிகிச்சை பாதியில் இருக்கும்போது ஊர் மாறினால் உங்கள் எக்ஸ்ரேயையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேர் சிகிச்சை என்றால் எந்தப் பல், எத்தனை கால்வாய் அடைத்தது, கேப் போட்டாயிற்றா என்று எழுதியிருக்க வேண்டும். இம்ப்ளான்ட் என்றால் அதன் டப்பாவோடு கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதில் ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லி, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் அந்தத் திருகு தளர்ந்தால், எந்தக் கம்பெனி என்று தெரிந்தால்தான் அங்கிருக்கும் மருத்துவரால் அதற்குப் பொருந்தும் கருவியை வரவழைக்க முடியும்.